இடைவேளைக்குப் பிறகு சமையலறை இடப்பக்கம்

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு மின்வெட்டு வேண்டிச் சாமி கும்பிட்டவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊர் ஊராகக் கரண்ட் அனுப்புகிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு என் படத்தைத் திரையிட வேண்டும். பத்தே முக்காலுக்குக் கரண்ட் போய்விட வேண்டும், அன்று முழுக்க வரக்கூடாது என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் இருக்கும் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அன்றைக்கு எந்த ஷிஃப்டோ, காதில் விழவில்லை.

சுரங்கத்தில் எனக்கு பெல்ட் பார்க்கிற வேலை. நிலக்கரி பெல்ட்டில் ஏறி ஓடிக்கொண்டே இருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஷாட்டைப் பார்த்தவனுக்கு அடுத்த ஷாட் எடுக்கத் தோன்றாதா? ஐம்பதை நெருங்கும்போது தோன்றியது. பக்கத்து மந்தாரக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் பரணில் கிடந்த பழைய டிஜிட்டல் வீடியோ கேமராவைத் தூசி தட்டிக் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் போட்டு எடுக்கிற வகை.

“தலைவரே, ஊரே போன்ல எடுத்துகினு இருக்குது. நீங்க கேசட்டத் தூக்கிகினு போறீங்களே” என்றார்.

“போன்ல எடுத்தா எல்லாம் தெளிவா தெரியுது. அதான் பயமா இருக்கு” என்றேன்.

பாதி கேலி, பாதி நிஜம். அந்தக் கேமராவில் வெளிச்சம் கொஞ்சம் வழியும். மார்கழி விடியலில் பிளாக் ரோட்டில் நின்று எடுத்தால் பனியும், தூரத்தில் அனல்மின் நிலையத்து ஆவியும், தெருவிளக்கின் மஞ்சளும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். வரிசை வரிசையாக வேப்பமரங்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரே மாதிரி வீடுகள். ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை, யாரோ அதைக் கனவு கண்டுகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அந்தக் கனவுக்காரர் புரண்டு படுத்தால் பிளாக் முழுக்கக் கலைந்துவிடும் என்று பயந்து, நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுத்தான் எடுத்தேன்.

கதையும் அப்படித்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒருவன் தூக்கக் கலக்கத்தில் வேறு குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து படுத்துவிடுகிறான். எல்லா வீடும் ஒன்றுபோல் இருக்கிற ஊரில் இது நடக்காத விஷயமில்லை. அந்த வீட்டுப் பெண் தன் கணவன்தான் வந்திருக்கிறான் என்று போர்வையை இழுத்துவிட்டு, காபி போட்டு எடுத்து வருகிறாள். முகத்தைப் பார்க்கிறாள். எழுப்பவில்லை, தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். இடைவேளை. அவன் எழுந்து போன பிறகு அவளுக்குத் தன் வீடே வேறு யாருடையதோ போல் இருக்கிறது. அவ்வளவுதான் படம். ஒன்றரை மணி நேரம். சண்டைக்காட்சி கிடையாது. கொசு அடிக்கிற காட்சி ஒன்று உண்டு.

அந்த ஆளாக நடித்தது எங்கள் செக்‌ஷனில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்யும் தம்பி. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருப்பவன், குவார்ட்டர்ஸ் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான். முதல் நாள் வாசலில் நின்று கேட்டான்: “அண்ணே, பர்மனென்ட் ஆளு வூட்டுக்குள்ள போறப்ப செருப்ப எப்படிண்ணே கழட்டுவான்?”

நான் எப்படிக் கழற்றுகிறேன் என்று நானே கழற்றிப் பார்த்தேன். அதற்குள் அவன் உள்ளே போய்ப் படுத்து நிஜமாகவே தூங்கிவிட்டான். நிஜமாகவே நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தான். அந்தத் தூக்கம் படத்தில் ஏழு நிமிடம் வருகிறது. என் படத்திலேயே ஆகச்சிறந்த நடிப்பு அதுதான் என்று நினைத்திருந்தேன், இரண்டாம் பாதி எடுக்கும்வரை.

வீட்டுப் பெண்ணாக நடித்தது என் மனைவி. கேட்டவுடன் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“ஏங்க, எங்க வூட்டுக் கல்யாண கேசட்டு அத்தினியும் போட்டுப் பாருங்க. தாலி வச்ச தட்ட நீட்டிகினு ஒரு கை வரும். அது நான்தான். கையி மட்டும்தான் வரும். மூஞ்சி ஒன்னுலயும் இல்ல.”

“அதுக்கு?”

“நடிக்கறேன். நான் மட்டும் வர்ற மாதிரி ஒரு சீனு வேணும். வேற எத வேணா வெட்டுங்க, அத மட்டும் வெட்டக்கூடாது.”

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். கீரைக் காம்பின் மேல்.

முதல் பாதியை எங்கள் வீட்டில் எடுத்து முடித்தோம். அப்போது சீனியாரிட்டிப்படி எனக்குப் பெரிய டைப் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகி, வேறு பிளாக்குக்கு மாறினோம். பழைய வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதிக்கு எங்கே போவது? பழைய வீட்டை ஒட்டினாற்போல், ஒரே பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சாவியைக் கையில் கொடுத்தார்.

“ஒரே டைப்தானே சார், எடுத்துக்குங்க.”

ஒரே டைப்தான். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் பீரோ, எங்கள் திரைச்சீலை, எங்கள் காலண்டர், காதுடைந்த எங்கள் பால் பாத்திரம், எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். காலண்டரில் தேதிகூடப் பழையதுதான், கிழித்த தாளைத் திரும்ப ஒட்டினேன். என் கவனத்தைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

அவள் தனியாக வரும் காட்சி நான்கு நிமிடம், ஒரே ஷாட். விடிவதற்கு முன்னால் எழுந்து, விளக்கைப் போட்டு, அடுப்படிக்குப் போக வேண்டும். கேமராவை மூலையில் வைத்துவிட்டு நானும் மூலையில் ஒண்டிக்கொண்டேன். அவள் எழுந்தாள். கையைச் சுவரில் வைத்தாள். சுவிட்ச் இல்லை. கை சுவரிலேயே கொஞ்ச தூரம் நடந்தது, நின்றது, திரும்பி வந்தது. அவள் மெல்லத் திரும்பி, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள், யாரோ அழைத்து வந்து பாதியில் விட்டுவிட்டுப் போன இடத்தைப் பார்ப்பதுபோல. பிறகு தனக்குள் லேசாகச் சிரித்தாள். ஜன்னலில் அப்போதுதான் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. ‘கட்’ சொல்லாமல் கேமராவை ஓடவிட்டேன்.

“ஏங்க, இந்த வூட்டுல என் கை எங்கயும் போய்ச் சேர மாட்டேங்குதுங்க” என்றாள்.

“அற்புதம். அந்த உணர்ச்சிய அப்படியே வச்சுக்க” என்றேன். டைரக்டர் அல்லவா.

எடிட்டிங் மந்தாரக்குப்பம் ஸ்டுடியோவில். பங்குனி வெயில். திரையிடலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, முதல் தடவையாக இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தோம். ஸ்டுடியோ மாடி ஹாலில் திரையிடல், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மனைவியின் பிறந்த வீட்டார் வேன் வைத்து வருகிறார்கள், எல்லாம் முடிவாகியிருந்தது. ஸ்டுடியோக்காரர் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“தலைவரே, இடைவேளைல வூடு இன்னா திரும்பிப் படுத்துடுச்சா?”

அப்போதுதான் உறைத்தது. பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் அதன் கண்ணாடிப் பிம்பம். எங்கள் வீட்டில் நுழைந்தால் சமையலறை வலப்பக்கம், அடுத்த வீட்டில் இடப்பக்கம். சுவிட்ச், ஜன்னல், பாத்ரூம் எல்லாமே எதிர்ப்பக்கம். இருபது வருடமாக அந்த வீட்டுக்குப் பண்டிகைப் பலகாரம் கொண்டுபோயிருக்கிறேன். ஒரே டைப் என்று நாக்குச் சொல்லிச் சொல்லிக் கண்ணை மூடிவிட்டது. மற்ற ஷாட்டெல்லாம் முகம், டம்ளர், காபி ஆவி என்று தப்பித்துவிட்டன. அவள் தனியாக வரும் அந்த நான்கு நிமிடம்தான் வீட்டை முழுசாகக் காட்டிக்கொடுத்தது.

நான் பதற்றப்படும்போது வாழைப்பழம் தின்பேன். அன்று ஆறு. ஏழாவதை உரிக்கும்போது ஸ்டுடியோக்காரர் ஆறுதல் சொன்னார்: “ஒரு பட்டன் தட்டினா படம் கண்ணாடில பாத்தாப்பல திரும்பிக்கும். கவலய விடுங்க.”

தட்டினார். வீடு சரியாகிவிட்டது. சமையலறை வலப்பக்கம், சுவிட்ச் வலப்பக்கம். ஆனால் காலண்டரில் எழுத்தெல்லாம் எந்த தேசத்து மொழியோ ஆனது. அதைக்கூட மங்கலாக்கிவிடலாம். என் மனைவியின் வலது மூக்குத்தி இடது மூக்குக்குப் போயிருந்தது. முந்தானை வலத்தோளில் தொங்கியது. வேனில் வருகிற இருபது பேரில் பதினைந்து பேர் பெண்கள்.

அன்று சாயங்காலம் நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதிவிடுகிறேன். அந்த நான்கு நிமிடத்தையும் வெட்டச் சொன்னேன். வெட்டியபின் படம் சுத்தமாக ஓடியது. தப்பே இல்லை. வீட்டுக்கு வந்தால் அவள் போனில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்: “நடுவுல நான் மட்டும்தான் வர்றேங்க்கா. வேற யாருமே இல்ல. ஆமா, மூஞ்சியேதான்!” கட்டிலில் மாம்பழ நிறப் புடவை ஒன்றை மடித்து வைத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு.

வெள்ளிக்கிழமை முழுக்கத் திட்டம் போட்டேன். ஜுரம் வரவழைத்துக்கொள்ளலாமா? கேமரா கேசட்டைத் தின்றுவிட்டது என்று சொல்லலாமா? பிள்ளையார் வேண்டுதல் அப்போதுதான். சனிக்கிழமை காலை, இட்லிக்கு நடுவில் சொல்லிவிட்டேன். இட்லி தொண்டையில் இருந்ததால் பாதிதான் கேட்டிருக்கும், ஆனாலும் புரிந்துகொண்டாள்.

“வெட்டிட்டீங்களா?”

“வீடு திரும்பிக்கிச்சு…”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, கை எங்கயும் போய்ச் சேர மாட்டேங்குதுன்னு. நீங்கதான ‘உணர்ச்சிய வச்சுக்க, உணர்ச்சிய வச்சுக்க’ன்னீங்க?” என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அடுப்பை அணைத்தாள். “வண்டிய எடுங்க.”

முந்திரிப் பூ வாசம் அடிக்கிற ரோட்டில் மந்தாரக்குப்பம்வரை அவள் பேசவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிறாளா, இறங்கிவிட்டாளா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

முதலில் திருப்பிய காட்சியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “இது நான்தாங்க! தெனம் கண்ணாடில பாக்கறேனே, அவதான்.” பிறகுதான் முந்தானையைக் கவனித்தாள். “ஐயோ, எங்க அண்ணி வாய எந்தத் துணியால கட்டறது?”

திருப்பாத காட்சியைப் போட்டார் ஸ்டுடியோக்காரர். அவள் கிட்டே போய் உட்கார்ந்தாள். “இது யாரு, எங்க அக்கா சாயல்ல?” என்றாள். திரையில் கை சுவரில் நடந்தது, நின்றது, திரும்பியது. அந்தச் சிரிப்பு வந்தது.

“இதயே போடுங்க.”

“எல்லாருக்கும் தெரிஞ்சுடும்மா” என்றேன்.

“தெரியட்டுமே. அவ பாவம், வூட்டத் தேடிகினு நிக்கறா. அவள எங்க கொண்டுபோய் ஒளிக்கப் போறீங்க?”

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் ஒரு விநாடிகூடப் போகவில்லை. மாடி ஹாலின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். ஓரங்களில் வெயில் கோடு கோடாக வழிந்து, ஹாலே கேசட்டில் எடுத்த மாதிரி இருந்தது. நாற்காலி பத்தாமல் அவள் அண்ணனான மச்சானும், அவள் பயந்த அந்த அண்ணியும் ஸ்டுடியோக்காரரின் வாடகைக் கல்யாண சோபாவில் மாப்பிள்ளை பெண் மாதிரி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் எங்கள் பழைய பிளாக் ஆட்கள். கான்ட்ராக்ட் தம்பி தன் ஏழு நிமிடத் தூக்கத்தைக் கண்கொட்டாமல் பார்த்தான்.

இடைவேளை முடிந்து அந்தக் காட்சி வந்தது. நான் கதவுப் பக்கம், ஓடுவதற்கு வசதியாக நின்றேன். அவள் எழுந்தாள், கை சுவரைத் தேடியது. இருட்டில் ஒரு பெண் குரல் சத்தமாகவே சொன்னது: “ஐயோ, சுவிட்சு அந்தாண்டம்மா!”

அவ்வளவுதான், மானம் போயிற்று என்று படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். ஆனால் சிரிப்பு வேறு மாதிரி கேட்டது.

“நாங்க டைப் மாறினப்ப எனக்கும் ஒரு மாசம் இப்படித்தான், தெனம் சுவத்தத் தடவிகினு நிப்பேன்.”

“நான் பாத்ரூம்னு பீரோவத் தொறந்தேன், தெரியுமா?”

“சும்மா இருங்கடி, அவ சிரிக்கறா பாரு.”

திரையில் அவள் சிரித்தாள். ஹால் அடங்கியது. பொதுச்சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் அத்தனை பேரும், தாங்கள் எப்போதோ எழுந்து நின்ற ஒரு விடியலுக்குத் திரும்பிப் போய் நிற்பதுபோல இருந்தது. நான் படியிலிருந்து காலை எடுத்தேன்.

படம் முடிந்து, மச்சான் சோபாவிலிருந்து எழுந்து வந்தார்.

“எல்லாம் நல்லாருக்குது மாப்ள. ஒன்னு மட்டும். பின்பாதில அடுப்படி இடதாண்ட போயிடுச்சே, அது என்னாத்துக்கு?”

என் வாய் திறந்தது. வாழைப்பழ வாசனைதான் வந்தது. பக்கத்தில் மாம்பழப் புடவையில் நின்றவள் சொன்னாள்: “அதாண்ணா கதயே.”

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் அந்தப் பதிலைத்தான் சொல்கிறேன், கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு, ரொம்ப யோசித்து எடுத்த முடிவு மாதிரி.

வைகாசியில் மச்சான் மகள் கல்யாணம். வீடியோ அதே ஸ்டுடியோக்காரர். போன வாரம் போட்டுப் பார்த்தோம். தாலித் தட்டை நீட்டுகிற கை இப்போதும் இவளுடையதுதான். ஆனால் கையோடு நிற்கவில்லை. தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டி வந்து, மணமக்களையும் ஐயரையும் விட்டுவிட்டு, நேரே கேமராவைப் பார்க்கிறது. மூக்குத்தி வலப்பக்கம், முந்தானை இடத்தோளில். ஐயர் தட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.