பெங்களூரில் இருப்பதாகச் சொல்லி வந்தோம்

என் மகனின் முதலாண்டுத் திதி முடிந்த மறுநாள், அவனோடு பொறியியல் படித்த இரு நண்பர்கள் ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் திருச்செங்கோட்டில் தன் தந்தையின் ரிக் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறான்; வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் அவை. மற்றவன் ஆட்டையாம்பட்டிக்காரன். சேலத்தில் ஒரு துணி நிறுவனத்தில் வேலை. தன் ஊர் முறுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தான்.

நேற்றே வந்திருக்கலாமே என்றேன்.

"நேத்து சொந்தக்காரங்க எல்லாம் இருப்பாங்க. நாங்க எதையாச்சும் ஒளறி வெச்சிட்டா என்ன பண்றதுங்கப்பா?" என்றான் ரிக் வண்டிக்காரன்.

அவர்கள் எதை உளறிவிட அஞ்சினார்கள் என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். இங்கே அதை எழுதிவிடுகிறேன். எங்கள் மகன் படிப்பை முடித்த பின் இரண்டு ஆண்டுகள் வேலையின்றி எங்களோடு இருந்தான். உறவினர்களிடம் அவன் பெங்களூரில் பணிபுரிவதாகச் சொல்லி வந்தோம்.

தொடங்கியது நாமக்கல்லில் ஒரு திருமண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது. பக்கத்து நாற்காலிக்காரர், "பையன் என்ன பண்றானுங்க?" என்று கேட்டார். "பெங்களூர்ல இருக்கான்" என்றேன். சொன்னபோது அது முழுப்பொய்யும் அன்று. அந்த வாரம் ஒரு நேர்முகத் தேர்வுக்காக அவன் அங்கேதான் போயிருந்தான். தேர்வாகவில்லை, திரும்பி வந்துவிட்டான். நான் சொன்ன சொல் மட்டும் திரும்பி வரவில்லை. மூன்று மாதத்தில் அவனுக்கு ஒரு நிறுவனமும், ஒரு வாடகை அறையும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேலையும் உறவினர் மத்தியில் உண்டாகிவிட்டிருந்தன. அவற்றில் சிலவற்றை நான் சொன்னேன். மற்றவற்றை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன். மாணவர்களின் சோதனைப் பதிவேட்டில், வர வேண்டிய விடையை முன்கூட்டியே அறிந்து அளவுகளைத் திருத்தி எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை முழுவதுமாக அடித்துவிடுவேன். என் வீட்டில் நடந்ததற்கு அந்த அளவுகோலை நான் எடுக்கவில்லை.

யாராவது வருவதாகத் தொலைபேசியில் சொன்னால், அவன் மாடி அறைக்குப் போய்விடுவான். அவனுடைய வண்டி பின்பக்கம் தகரக் கொட்டகைக்குப் போகும். வாசலில் கிடக்கும் அவன் செருப்பை என் மனைவி எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். ஒருமுறை உறவில் ஒரு திருமணத்துக்கு அவனும் வந்தே ஆக வேண்டியிருந்தது. விடியற்காலையில் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு சேலம் போய், புதிய பேருந்து நிலையத்தில் அடுத்த பேருந்து ஏறி, மண்டபத்து வாசலில் வந்து இறங்கினான். வரவேற்க நின்றவர்கள் முன்னிலையில் என்னைப் பார்த்து, "ஓசூர்ல ஒரே டிராஃபிக்குங்கப்பா. ரெண்டு மணி நேரம் அப்புடியே நிக்குது" என்றான். அவன் முகத்தில் சிறு சலனமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் அவன் இறந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள், விடுமுறையில் ஊருக்கு வந்த பையன் இப்படியாகிவிட்டானே என்று அழுதார்கள். நான் திருத்தவில்லை. அன்று எனக்கு எதையும் திருத்தும் நிலை இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பின் ஓராண்டு இருந்தது.

அன்று நண்பர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி அவர்களிடம் கேட்டாள்: "அவன் மேல உக்காந்து போன்ல என்னமோ பாத்துச் சிரிப்பானே கண்ணு, அது என்னது?"

"அது ஒரு காமெடித் தொடருங்கம்மா. காலேஜ் முடிச்ச நாலு பேரு ஒரு மெஸ்ஸுக்கு மேல ரூம் எடுத்து வேலை தேடற கதை. எனக்குச் சுத்தமாப் புடிக்காது. வேலை இல்லாதவன வெச்சு ஊரே சிரிக்குது" என்றான் ரிக் வண்டிக்காரன்.

"உனக்கெப்படிப் புடிக்கும்? உங்கப்பன் நாலு வண்டி வாங்கி நிறுத்தி வெச்சிருந்தாரு" என்றான் ஆட்டையாம்பட்டிக்காரன்.

"டேய், ராஜஸ்தான் வெயில்ல ஆறு மாசம் மண்ணத் தின்னவன்டா நானு."

"தின்னே, இல்லைங்கல. ஆனா ஒரு கல்யாணத்துலயாச்சும் எவனாவது உன்னப் பாத்து, தம்பி என்ன பண்றேன்னு கேட்டிருக்கானா? எங்களக் கேட்டான். நாங்களே சிரிக்கலைன்னா அப்புறம் மத்தவன்தான் சிரிப்பான்."

"மாப்ளயே ஏழாவது பகுதியோட நிறுத்திட்டான், தெரியுமா? போதும்டா, இத எங்க ஊட்லயே பாத்துட்டுத்தான் இருக்கறேன்னான்" என்றான் ரிக் வண்டிக்காரன். மாப்ள என்றது என் மகனை.

"பொய்யி! சேலத்துல என் ரூம்ல வெச்சு அதே ஏழாவத மூணு தடவ போட்டுப் பாத்தான். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான்."

"தண்ணி வந்தத நீ பாத்தே. அது சிரிச்சு வந்ததுன்னு எவன்டா உனக்குச் சொன்னான்?"

இருவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் முன்னால் பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். ஏழாம் பகுதியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். ஆட்டையாம்பட்டிக்காரன் முறுக்குப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "நீங்களே பாத்துக்கங்கப்பா" என்றான்.

மறுநாள் மாலை என் மனைவி கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் ஒரு தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்தாள். அந்தத் தொடரைக் கண்டுபிடித்து ஏழாம் பகுதியைப் பார்த்தோம்.

நால்வரில் ஒருவன் வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியிருக்கிறான். அவனுடைய தந்தையோ மகன் பெங்களூரில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். திடீரென்று அத்தை குடும்பம் வந்துவிடுகிறது. மகன் குளியலறையில் ஒளிகிறான். வெளிச்சுவரில் இருந்த அவன் சட்டையையும் தலைக்கவசத்தையும் அவசரமாக எடுத்து மறைக்கிறார்கள். மருமகனைப் பார்த்து நாளாயிற்று என்று அத்தை வீடியோ அழைப்பு போடுகிறாள். குளியலறைக்குள் மணி அடிக்கிறது. தந்தை அதைவிட உரக்கப் பேச முயல்கிறார். அத்தையின் பார்வை மெல்ல வாசலுக்குப் போகிறது. அங்கே அவன் செருப்பு கிடக்கிறது.

இதை எழுதியவருக்கு எங்களைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது.

என் மனைவி சிரித்தாள். ஓராண்டுக்குப் பின் அந்த ஒலியைக் கேட்டேன். உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "செருப்ப நான் ஒருநாளும் மறக்கல" என்றாள்.

தொடருக்குக் கீழே பார்த்தவர்கள் கருத்துகள் எழுதியிருந்தார்கள். அடுத்த சில நாட்கள் காலையில் நாளிதழுக்குப் பதிலாக அவற்றைப் படித்தேன். பெற்றோரை இழிவுபடுத்துகிறார்கள், பிள்ளையின் மானத்தைக் காக்கத்தானே அந்தத் தந்தை பொய் சொன்னார் என்று சிலர் கொதித்திருந்தார்கள். யாருடைய மானத்தை என்று அவர்களுக்குக் கீழே வேறு சிலர் கேட்டிருந்தார்கள். இதில் நகைச்சுவை எங்கே என்று ஒருவர். என் வீட்டுக்குள் கேமரா வைத்தது யார் என்று ஒருவர். சோம்பேறிகளுக்குத் தொடர் ஒரு கேடா என்று எழுதியிருந்தவரின் நடை, ஓய்வுபெற்ற ஆசிரியருடையதாக இருக்கக்கூடும். இரண்டாண்டுக்கு முன் கேட்டிருந்தால் நானும் ஏறத்தாழ அதையே எழுதியிருப்பேன்.

நான் அவற்றில் தேடியது தொடரின் தரத்தைப் பற்றிய முடிவை அல்ல. இந்தக் காட்சியைப் பார்க்கும் ஒரு மகனுக்கு என்ன தோன்றும் என்பதை. அவன் சிரித்தானா, நொந்தானா? சிரித்திருந்தால், எங்களை மன்னித்துச் சிரித்தானா? ஓசூரைப் பற்றி என்னிடம் அவ்வளவு அழகாகப் பொய் சொன்னவன், அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறு நம்ப எனக்கு விருப்பம். விருப்பம் சான்று ஆகாது. இரு நண்பர்களும் பொய் சொல்பவர்கள் அல்லர். இருவரும் அவனை நெருக்கத்தில் பார்த்தவர்கள். ஒருவர் சொன்னதை ஏற்றால் மற்றவர் சொன்னதை விட வேண்டும். என்னால் இரண்டையும் விட முடியவில்லை. மாடி அறையின் கதவுக்கு இப்பால் நின்று அந்தச் சிரிப்பை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். வேலை தேடுகிறவன் சிரிக்கிற நேரமா இது என்று ஒரு நாள் கதவைத் தட்டினேன். சிரிப்பு நின்றது. உள்ளே போய் என்ன பார்க்கிறாய் என்று கேட்டிருந்தால், இப்போது மற்றவர்களைக் கேட்க வேண்டியிருக்காது.

அந்த வாரத்தில் ஒரு காலை, வாசலில் அவனுடைய செருப்பு கிடந்தது. என் மனைவி அதைத் துடைத்து, முன்பு அவன் கழற்றிவிடுகிற இடத்திலேயே வைத்திருந்தாள்.

துக்கம் நடந்த வீட்டுக்கு ஓராண்டு வரை எங்கள் பக்கம் யாரும் திருமணப் பத்திரிகை கொண்டுவருவதில்லை. ஆண்டு கழிந்ததும் முதலில் வந்தவர் பனமரத்துப்பட்டியிலிருந்து என் மனைவியின் பெரியப்பா மகன். தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துப் பத்திரிகையை எங்களிடம் கொடுத்தார். பிறகு சுவரில் இருந்த மகனின் படத்தின் முன் போய் நின்றார்.

"எத்தன நல்ல பையனுங்க மச்சான். பெங்களூர்ல நல்ல வேலையில இருந்தவன். எனக்கென்னமோ அந்த ஊர்த் தண்ணிதான் அவனுக்கு ஒத்துக்கலையாட்ட இருக்குது."

இதை ஓராண்டில் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையசைத்தேன். அன்று அசைக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெங்களூர்த் தண்ணி இல்லைங்க. அவன் குடிச்சதெல்லாம் இந்த ஊட்டுத் தண்ணிதான்" என்றேன். "அவனுக்கு வேலை கிடைக்கல. ரெண்டு வருஷமும் இங்கதான், மேல அந்த ரூம்லதான் இருந்தான். நாங்கதான் மாத்திச் சொன்னோம்."

அவர் தங்கையைப் பார்த்தார். "ஏம்மிணி?"

"ஆமாங்கண்ணா" என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார். "போன வருசத்துக்கு முந்தின ஐப்பசில நான் வந்திருந்தேனுங்களே, மழையில. அப்பவுமா?"

"அப்பவும் மேலதான் இருந்தான்."

"நான் பெத்த பொண்ணோட போட்டோவக் காட்டிட்டு இருந்தேன். மருமகன் வந்தா காட்டுன்னு அம்மிணிகிட்டக் குடுத்துட்டுப் போனேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எங்களைக் குறை சொல்லவில்லை. எழுந்து, "அந்த ரூமப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

மூவரும் மாடிக்குப் போனோம். கட்டிலும் மேசையும் ஒரு மின்விசிறியும் இருக்கும் அறை. பார்ப்பதற்கு அதில் வேறொன்றும் இல்லை. ஆயினும் அவர் நீண்ட நேரம் நின்றார். ஜன்னலில் நின்று கீழே பார்த்து, "இங்கிருந்து வாசல் நல்லாத் தெரியுதுங்க" என்றார்.

அது எனக்கு அதுவரை தெரியாது.

அவர் போன பின், என் மனைவி அந்த ரிக் வண்டி நண்பனைத் தொலைபேசியில் அழைத்து என்னிடம் கொடுத்தாள். அடுத்த ஆண்டு இருவரும் திதியன்றே வர வேண்டும் என்றேன்.

"சொந்தக்காரங்க இருப்பாங்களேங்கப்பா."

"இருப்பாங்க. அவங்ககிட்ட அவனப் பத்திச் சொல்லணும். எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். வாங்க."

மறுமுனையில் யாரிடமோ லாரி எஞ்சினை அணைக்கச் சொன்னான். பிறகு அவன், "ஆட்டையாம்பட்டியானும் வருவானுங்க. வந்தா மறுபடியும் சண்டை போடுவோமுங்க" என்றான்.

போடுங்கள் என்றேன்.