மச்சான் கலந்த ரெட் ஒயின்

திருத்தங்கலில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கும் எனக்கு ஒயினைப் பற்றித் தெரியாமல் இருக்காது என்று என் மனைவியின் அண்ணன் நம்பினார். விருதுநகரில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்பவர். பெங்களூரில் இருக்கும் அவர் மகளுக்கு, தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனைப் பிடித்திருந்தது. பையனின் அப்பாவும் அம்மாவும் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. "அவங்க சாப்பாட்டோட ரெட் ஒயின் ஒரு கிளாஸ் சாப்பிடுவாங்கப்பா, அதுக்காக நீங்க ஒண்ணும் வாங்க வேணாம்" என்று மகள் போனில் சொல்லியிருக்கிறாள். மச்சான் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"மாப்ள, எம்மேல மிளகா நெடி அடிக்குதுன்னு கூடப் படிச்சதுக கேலி பண்ணி, எம்புட்டு நாள் அழுதுட்டு வந்திருக்கா தெரியுமா? இப்ப சம்பந்தி வீட்டுக்காரவுக முன்னால எம்பிள்ளை தலைகுனியக் கூடாது. சரக்கும் நல்லா இருக்கணும், வெலையும் நமக்குத் தாங்கணும்" என்றார்.

மதுரையில் ஏசி போட்ட அரசுக் கடைக்குப் போனோம். நாசிக், கர்நாடகம், ஆஸ்திரேலியா என்று வரிசையாக நின்றன. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தேர்ந்தெடுத்தேன். கட்டைவிரலால் லேபிளைத் தடவி, எம்போஸில் எழுத்து எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பார்த்தேன். தங்க ஃபாயில் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தேன். கடை ஊழியர் என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார். இரண்டு மூன்று வகைத் திராட்சையைக் கலந்தது என்று பின்பக்கம் போட்டிருந்ததைப் படித்துக் காட்டியதும் மச்சானுக்கு முகம் தெளிந்துவிட்டது.

"கலவையா? இதை மொதல்லயே சொல்லப்படாதா? நெறத்துக்குக் கர்நாடகத்து மிளகா, காரத்துக்கு நம்ம சம்பா மிளகா. முப்பது வருசமா நான் வேற என்ன செய்றேன்?"

மூன்று பாட்டில் வாங்கி வந்து அவர் வீட்டில் ருசி பார்த்தோம். நான் தடவித் தடவி எடுத்த ஆஸ்திரேலியப் பாட்டில் ஆறிப்போன கஷாயம் மாதிரி இருந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு மற்ற இரண்டையும் வாயில் உருட்டினார். "நாசிக்ல கனம் இருக்கு, வாசம் இல்ல. கர்நாடகத்துல வாசம் இருக்கு, கனம் இல்ல." எவர்சில்வர் சொம்பில் நாசிக் மூன்று பங்கு, கர்நாடகம் ஒரு பங்கு ஊற்றிக் கலக்கினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அது நன்றாக இருந்தது.

சொம்போடு சம்பந்தி முன்னால் வைக்க முடியாதே. "உங்க பிரஸ் எதுக்கு இருக்கு மாப்ள?" என்றார். வெட்கமே இல்லாமல், கலவையை ஊற்றும் பாட்டிலில் ஒட்ட நான் ஒரு லேபிள் போட்டேன். குன்று, திராட்சைக் குலை, வாயில் நுழையாத ஒரு பெயர், அடியில் பிரான்ஸ். தங்க ஃபாயில் அவ்வளவு சுத்தமாக என் பிரஸ்ஸில் அதுவரை விழுந்ததில்லை.

விருந்தன்று பையனின் அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்கே. எந்த ஊரு?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பிரஸ்ஸில் எந்த வேலை அடித்தாலும் அடியில் பொடி எழுத்தில் பிரஸ் பெயரும் ஊரும் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். எடுக்கச் சொன்னால்தான் எடுப்பார்கள். நான் ஃபாயில் அழகில் மயங்கி அதைச் சொல்லவே இல்லை.

அவர் நிதானமாகப் படித்தார். "பிரான்ஸ்ல திருத்தங்கல் எந்தப் பக்கம் இருக்கு?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். நான் அவசரமாக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மட்டன் பரிமாறிக்கொண்டிருந்த மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று காலை மச்சான் மறுபடி கலந்த சொம்பு அடுக்களையில் சிவந்து கிடந்ததை அவள் பார்த்துவிட்டிருக்கிறாள்.

"எங்கப்பா கலந்தது அங்கிள். மிளகா வியாபாரி மூக்கு, தப்பாது."

பையனின் அப்பா காலி கிளாஸை மச்சான் பக்கம் நீட்டினார். மச்சான் விளிம்பு வரை ஊற்றினார். பிறகு துண்டை எடுத்து, மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மிளகாய் குடோன் அந்த வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.