டயாலிசிஸ் வார்டில் ஒரு ரத்தக்காட்டேரிப் படம்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களில் பாதியின் வயிற்றுக்குள் போய் வந்தவர். ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையால் நட்டு முடுக்குவார். யாரிடமும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மாமாவுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். மாமா வார்டில் வாயே திறக்கவில்லை. ஊசி குத்திய இடம் தெரியக் கூடாதென்று கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டார். அக்கா தாங்கிப் பிடிக்கப் போனால் தோளை உதறினார். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரில் ஏறியதும் என்னிடம் சொன்னார்:

"இன்னையோட போதும்டா. இனிமே என்னைக் கூப்பிட வராதே."

பின்சீட்டில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அன்றைக்கு வார்டில் டி.வி. கேபிள் வரவில்லை. யாரோ விட்டுப்போன பென் டிரைவை நர்ஸ் செருகினார். அதில் இருந்தது ஒரே ஒரு படம். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் சூப்பர் ஹீரோவின் கதை. பகலில் அவன் பல் டாக்டர், இருட்டினால் வேட்டைக்காரன். அவன் ரத்தம் காட்டேரிகளுக்கு விஷம். கடித்த காட்டேரி அந்த இடத்திலேயே சாம்பல்.

கட்டிலுக்குக் கட்டில் குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்க, திரையில் ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்தில் வாய் வைத்து உறிஞ்சினான்.

"நல்ல படமாப் பார்த்துப் போட்டீங்க சிஸ்டர்! இங்க போற ரத்தம் பத்தாதா?" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் வார்டில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'.

நர்ஸ் பதறிப்போய் ரிமோட்டை எடுத்தார்.

"இருக்கட்டும். நிறுத்தாதீங்க" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், மாமா.

ஹீரோ காரில் காட்டேரிகளைத் துரத்தினான். "இண்டிகேட்டர் போடாமத் திரும்புறான் பாருங்க. இவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான்?" என்றார் டீச்சர். மாமாவின் உதடு லேசாக வளைந்தது.

அடுத்து, நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு சண்டை. உள்ளே மூன்று காட்டேரிகள், ஹீரோ ஒருத்தன். கிராஃபிக்ஸ் ஜாலம் ஏதுமில்லை; ஆள்மேல் ஆள் மோதும் சண்டை. "அடி ஒவ்வொண்ணும் நிஜமா விழுது" என்று மாமா ரசித்துக்கொண்டிருக்கும்போதே காட்டேரிகளின் தலைவனான வில்லன் மேலேயிருந்து கயிற்றை வெட்ட, லிஃப்ட் பொத்தென்று விழுந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய்! கயிறு அறுந்தா லிஃப்ட் விழாதுடா! பிரேக் தானாப் பிடிச்சுக்கும்டா!"

கை அசைந்ததில் மெஷின் கீ கீ என்று கத்தியது. "சார், வாயால மட்டும் திட்டுங்க, கையை ஆட்டாதீங்க" என்று நர்ஸ் ஓடிவந்தார்.

சண்டை முடிந்து ஹீரோ வீட்டுக்கு வருகிறான். குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்க்கிறான். அடிபட்ட விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. அவனுடைய தங்கை வந்து அவிழ்த்துவிடுகிறாள். அந்தக் காட்சியை மாமா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சற்று நேரத்தில் பிரஷர் இறங்கித் தூங்கிப்போனார். விழித்தபோது படம் முடிந்திருந்தது.

"கடைசில என்ன ஆச்சு?" என்று டீச்சரைக் கேட்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அடுத்த தடவை வந்து நீங்களே பாருங்க."

கிளம்பும்போது ஷூ போடக் குனிந்தவருக்குத் தலை சுற்றியது. அவர் உதறுவதற்குப் பழகிப்போன அக்கா தள்ளியே நின்றாள். மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"கட்டி விடேன்."

அக்கா குனிந்து கட்டினாள். கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தலை நிமிரவில்லை.

அடுத்த தடவை நான் போவதற்குள் மாமா வாசலில் தயாராக நின்றார். "அந்தப் பல் டாக்டர் கதை என்னாச்சுன்னு பார்த்துடணும்" என்றார். கேபிள் சரியாகிவிட்டிருந்தும், நர்ஸிடம் கேட்டு அதே படத்தைப் போடச் சொன்னார்.

முடிவு மகா மட்டம். வில்லன் ஹீரோவைக் கொல்லாமல் பிரசங்கம் செய்தான். கதாநாயகி வீறிட்டதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. கடைசியில் வந்த ராட்சத வௌவால் காற்றில் மடங்கிய குடைபோல இருந்தது.

"இந்தக் கட்டில்லேர்ந்து எழுந்தா நான் சுவரைப் பிடிச்சுத்தான் நடக்குறேன். இவன் ஒரு குடம் ரத்தத்தைக் கொட்டிட்டு மாடி விட்டு மாடி தாவுறான்!" என்றார் மாமா. டீச்சருக்குச் சிரிப்பில் புரையேறியது. மாமாவும் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு!

அதற்குப் பிறகு இன்றுவரை மாமா டயாலிசிஸை ஒரு நாளும் தவறவிடவில்லை. டீச்சருக்கு அவருடைய அண்ணன் சிறுநீரகம் கொடுத்தார். உடம்பு தேறியதும் டீச்சர் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து வார்டில் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனார். மாமா இப்போது உயரத்தில் ஏறுவதில்லை. பட்டறை மேஜையில் உட்கார்ந்து பழுதான லிஃப்ட் சுவிட்சுகளைச் சரிசெய்கிறார். அரைக்கைச் சட்டைதான் போடுகிறார்.

போன மாதம் அக்கா கேட்டாள்: "அது நல்ல படமா, இல்லையா? ஒரே முடிவாச் சொல்லுங்க."

"சண்டை நல்லா இருக்கும். அந்தத் தங்கச்சி வர்ற இடம் ரொம்ப நல்லா இருக்கும். மிச்சமெல்லாம் உளறல்" என்றார் மாமா. "ஆனா எடுத்தவங்க நல்லா இருக்கணும். அந்த உளறலைத் திட்டுறதுக்காகத்தானே நான் திரும்பப் போனேன்."

ஒரு விடுமுறை நாளில் இருவரும் வீட்டிலேயே அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அக்காவுக்கு வில்லனைத்தான் பிடித்ததாம்.

"பாவம், அவன் பேச்சைக் கேக்க ஒரு ஆள் இல்லையே" என்றாள்.

"பாவமா? ஊர் ரத்தத்தையே குடிச்சிருக்கான்டி!"

சமையலறையில் நான் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை. குழாயை மூடிவிட்டு, அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.