அக்கா திரும்பப் பெற்ற அறிக்கை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவுகளுக்கும், வர இயலாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் பெறும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைத்தால் இதைப் படியுங்கள். இது புகழுரை இல்லை. யாராவது புகழ ஆரம்பித்தால் அக்கா பாதியில் நிறுத்திவிடுவார், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு.

அக்கா பிறந்தது குச்சனூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீரில் நெல்லும், அது ஏறாத மேட்டில் திராட்சையும் விளைகிற ஊரில். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. விடியும் முன்னே ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் மெட்டு வழியாக மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவர் தொழில்.

அந்த ஜீப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் ஆளுக்கு இடம் கிடையாது, வீட்டுக்குத்தான் இடம். தோட்டத்துக் கங்காணியோடு ஒரு வீட்டுக்கு ஓர் இடம் என்று பேசியாகிவிட்டால், இன்றைக்குத் தாய் போவார், நாளைக்கு மகள், அதற்கு மறுநாள் கொழுந்தனின் மனைவி. கங்காணி கூப்பிடுவது எப்போதும் ஒரே பெயரைத்தான். யார் வந்திருந்தாலும் அந்தப் பெயருக்குக் குரல் கொடுப்பார்கள். இதை ஏமாற்று என்று ஒருவரும் நினைத்ததில்லை, கங்காணி உட்பட. கிடைத்த இடத்தைச் சும்மா விடுவதுதான் அங்கே தப்பு. கல்லூரி விடுமுறைகளில் அக்காவும் அம்மாவின் பெயருக்குக் குரல் கொடுத்து ஏலக்காய் எடுத்திருக்கிறார்.

உத்தமபாளையத்தில் கல்லூரி. மதுரையில் பொருளாதார மேற்படிப்பு. உதவித்தொகை பெற்று வெளிநாடு. எழுதுகிறவனுக்கு ஒரு வரி. வாழ்ந்தவருக்கு எத்தனை மழைக்காலம். அப்பாவின் முழங்கால் மலைப்பாதைக்கு ஒத்துவராமல் ஜீப்பை விற்ற ஆண்டில்தான் அக்கா விமானம் ஏறினார். பனி பெய்கிற ஓர் ஊரில், பல நாட்டு ஆட்கள் வேலை பார்க்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். எந்த நாட்டில் எந்தக் கல்வியும் எந்தத் தொழிற்பயிற்சியும் மக்களின் வருமானத்தை, அந்த நாட்டின் வளர்ச்சியை எப்படி மாற்றுகிறது என்று அளந்து, அரசுகளுக்கும் பண உதவி செய்யும் அமைப்புகளுக்கும் சொல்வது அவர்கள் வேலை.

இதைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. டீச்சரா என்பார்கள். இல்லை. கலெக்டர் மாதிரியா? அதுவும் இல்லை. கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மாதான் முடித்துவைத்தார். "எந்தப் படிப்புச் சோறு போடும்னு நாடு நாடாப் போயிப் பாத்துச் சொல்றா."

பக்கத்து இலையில் அத்தை. "அதச் சொல்ல அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்?" என்றார். அக்காவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. பல மேடைகளில் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கியதாக அவருடைய நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொன்னதில்லை. சமையல் வராது. எதிராளி பேச்சை முடிக்க விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் திராட்சை என்ன விலை என்று கேட்பார், பிறகுதான் அம்மாவின் உடம்பைப் பற்றி.

இனி, நான் எழுத வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் உத்தமபாளையத்தில் வெளிநாட்டு உதவியில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தார்கள். தையலும் கணினியும் கற்றுத்தந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்த இளம்பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. விண்ணப்பம் குவிந்ததால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் இடம் விழுந்த பெண்களையும் விழாத பெண்களையும் சில காலம் கழித்து ஒப்பிட்டால் பயிற்சியின் பலன் தெரிந்துவிடும். அக்காவின் துறையில் இது நம்பகமான வழி. வேறு நாடுகளில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரி ஆய்வோடு நம் பள்ளத்தாக்கையும் சேர்க்கச் சொன்னவர் அக்காதான். தலைமை ஆய்வாளரும் அவரே.

களப்பணிப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். தாளில் பெயர் உள்ள பெண்ணைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன வேலை, என்ன வருமானம் என்று கேட்டார்கள். பதில்கள் கடல் தாண்டின. அங்கே பெயர்கள் உதிர்ந்து எண்கள் ஆயின. எண்கள் கோடுகள் ஆயின. பயிற்சி பெற்றவர்களின் கோடும் பெறாதவர்களின் கோடும் தண்டவாளம்போல் தள்ளிக்கூட இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. குறுகிய காலப் பயிற்சிகள் ஏழைப் பெண்களுக்கு வேலை தருவதில்லை: அறிக்கையின் தலைப்பே அதுதான்.

அக்கா எழுதியவற்றில் அதிகம் படிக்கப்பட்டது அது. இப்படிப்பட்ட நிலையங்களைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசைகளில், பல நாடுகளில், அது கிடந்தது. முதலில் மூடுவதென்று முடிவானது உத்தமபாளையம் நிலையத்தைத்தான்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டிக் கோயில் திருவிழாவுக்கு அக்கா வந்திருந்தார். வயிற்றில் ஒரு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, அக்காவுக்கு ஒரு ரவிக்கை தைத்து எடுத்து வந்தார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. தையல் எங்கே படித்தீர்கள் என்று அக்கா கேட்டார்.

"ஒத்தமபாளையத்துலதான் ஆத்தா. மருமக பேருக்கு எடம் விழுந்துச்சு. அவ மாசமா இருந்தா. எடத்தச் சும்மா போட முடியுமா? நான் போனேன்."

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும் சொன்னார். "படம் அவளோடது. மெஷின மிதிச்ச காலு என்னோடது."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். பிறகு அவர் மட்டும் நிறுத்திக்கொண்டு, வேறு யார் வீட்டிலெல்லாம் இப்படி மாற்றிப் போனார்கள் என்று கேட்டார். சித்தி விரல் மடக்க ஆரம்பித்தார். மடக்கிக்கொண்டே போனார். மாமியார்கள், ஓரகத்திகள், அக்கா தங்கைகள், ஒருவருக்கொருவர் முறை வைத்துப் போனவர்கள். சொல்லிக்கொடுத்தவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தானே, வீட்டிலிருந்து ஓராள் வந்தால் சரி என்று விட்டிருக்கிறார்கள்.

ஆய்வில் சித்தியின் மருமகளும் ஓர் எண். வேலை இல்லை, தையல் தெரியாது என்று அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை. தையல் தெரிந்தவர் அடுத்த அறையில் தேனி ஜவுளிக்கடைக்கு நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. தாளில் அவர் பெயர் இல்லை.

அன்று கோயிலிலிருந்து ஆற்றுப்பாலம் வரை அக்கா என்னோடு நடந்து வந்தார். ராட்டினங்களின் இரைச்சல். கூட்டம் எங்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தது. "அம்மா பேருக்கு நானே கொரல் குடுத்திருக்கேன் தம்பி," என்றார். "எனக்கு எப்பிடித் தோணாமப் போச்சு?" கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்: "ஆள் ஆளா எண்ணத்தான் படிச்சேன். அப்பிடியே பழகிருச்சு."

திரும்பிப் போன கையோடு அங்கே வலிக்குப் பெயர் வைத்தார்கள். சினைப்பையில் புற்று. பரவியிருந்தது. ஒரு வாரம் கழித்து அக்கா, சிகிச்சை மதுரையில், இருப்பு நம் வீட்டில் என்று அறிவித்தார். மரணத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லை. அவருக்கு ஒன்று மட்டும் நடக்க வேண்டியிருந்தது. தன் பெயர் முதலில் இருக்கும் அந்த அறிக்கை, தான் இருக்கும்போதே திரும்பப் பெறப்பட வேண்டும். அதே வீடுகளுக்கு மறுபடி போய், இந்த முறை வீட்டையே கேட்டு, உண்மை எதுவோ அதை எழுத வேண்டும்.

நிறுவனத்தில் மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தயங்கினார்கள். இந்த ஒன்றைத் திரும்பப் பெற்றால் மற்ற நாடுகளின் முடிவுகளையும் சந்தேகிப்பார்கள். உடல்நிலை இப்படி இருக்கும்போது பெயரையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் அடிக்குறிப்பு போதாதா? கணினித் திரையில் அக்காவின் மேலதிகாரி பேசியதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். கனிவான குரல். பேசி முடித்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "அடிக்குறிப்ப யாரு படிப்பாக? தலைப்பத்தான் படிப்பாக. தலைப்ப வச்சுத்தான் பூட்டுவாக." அதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். சில மாதம் இழுத்து, தை பிறந்தபின் அவர்கள் சம்மதித்தார்கள்.

முதல் வேலையாக அக்கா சித்தி வீட்டுக்குப் போனார். அன்று அவருக்கு உட்காரவே முடியவில்லை. நிலையத்தில் படித்த வீட்டுப் பெண்கள் சிலரை அங்கே வரச்சொல்லியிருந்தார். அந்த இடத்தை மூடியதில் என் எழுத்துக்கும் பங்கு இருக்கிறது, நான் எழுதியது தப்பு என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். சித்தியின் மருமகள், இடுப்பில் இரண்டாவது குழந்தையோடு நிலைக்கதவில் சாய்ந்து நின்றவர், கோபமாகவே கேட்டார்.

"எழுதுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மதினி?"

"கேட்டேன். ஒன்னைய மட்டும் கேட்டேன். வீட்டக் கேக்கல."

"விடு ஆத்தா, அவ என்ன வேணும்னா செஞ்சா?" என்றார் சித்தி.

"வேணும்னு செய்யலதான். மூடுனத இனித் தெறப்பாகளா?"

"தெரியல," என்றார் அக்கா.

மருமகள் உள்ளே போய்விட்டார். அக்கா எழுந்திருக்கச் சிரமப்பட்டார், நான் தூக்கிவிட்டேன். வாசலுக்கு வந்தபோது அந்தப் பெண் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, களப்பணிப் பெண்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டார். எந்த வீட்டில் யார் போனது என்று தனக்குத் தெரியும், கூடப் போய்க் காட்டுகிறேன் என்றார். குரலில் கோபம் போகவில்லை. கோபத்தோடேதான் அத்தனை வீட்டுக்கும் நடந்தார்.

கோடை முழுக்க வேலை நடந்தது. குலுக்கலில் விழுந்த வீடு, விழாத வீடு இரண்டிலும், இங்கே யார் யார் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நாட்களில் அக்கா கண்ணை மூடிக் கிடப்பார். பதில்களை நான் வாசிப்பேன். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினால் "அடுத்த வீடு" என்பார்.

முடிவு அதிசயமாக ஒன்றும் இல்லை. கோடுகள் பிரிந்தன; அதிகமாக இல்லை. பயிற்சி போன வீடுகளில் ஒரு பகுதி மேலே வந்திருந்தது, மற்றவை இருந்த இடத்தில் இருந்தன. நம்பியவர்கள் நம்பிய அளவுக்குப் பலன் இல்லை, அக்கா முதலில் எழுதியதுபோல் அடியோடு இல்லாமலும் இல்லை. இதைத்தான் அக்கா எழுதினார், ஒரு சொல்லும் கூட்டாமல். பழைய அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. புதியதன் முதல் பக்கத்திலேயே முந்தைய முடிவு தவறு என்றும், தவறு தலைமை ஆய்வாளருடையது என்றும் இருக்கிறது. அந்த வாக்கியத்தை மென்மையாக்க வந்த யோசனைகளை அவர் ஏற்கவில்லை.

வேறு இரண்டு நாடுகளில் நிலையங்களை மூடும் முடிவைத் தள்ளிவைத்ததாகச் செய்தி வந்தது. உத்தமபாளையம் நிலையம் திறக்கவில்லை. இயந்திரங்கள் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தன. அந்தக் கட்டடத்தில் இப்போது ஒரு பர்னிச்சர் கடை. இரண்டு செய்தியையும் அக்கா ஒரே மாதிரிக் கேட்டுக்கொண்டார். முதல் செய்தியை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். "அங்கனத்துப் பிள்ளைகளுக்கு நல்லது," என்றார். "இங்கனத்துப் பிள்ளைகளுக்கு அதுல என்ன இருக்கு?"

ஆடி முடியும்போது, ஒரு காலை, மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்த நேரத்தில் அக்காவின் மூச்சு நின்றது. அம்மா கூட இருந்தார். நானும் இருந்தேன்.

மதுரையில் சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், அக்காவின் அதட்டலைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வெயிலில் நடந்த களப்பணிப் பெண்களுக்கும், அவர்களைத் தங்கவைத்து, நோன்பு நாட்களிலும் மதியச் சாப்பாடு தந்த உத்தமபாளையத்து இஸ்லாமியக் குடும்பத்தாருக்கும், தயங்கினாலும் கடைசியில் அக்காவின் வாக்கியத்தை அப்படியே அச்சிட்ட வெளிநாட்டு நண்பர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த, தோளில் கை வைத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. சித்திக்கும் அவர் மருமகளுக்கும் தனியாக.

இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஒருவர் முன்பே சொல்லிவிட்டார். அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தியின் மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "நான் பொறுமையாக் கேட்ட மாதிரி எழுதிருக்கீக. நான் கோவமாத்தான் கேட்டேன். மதினிக்கும் அது தெரியும்."

திருத்திவிட்டேன்.