நீலம் பூசிய இடத்தில் மனோஜின் அம்மா

அவுஸ்திரேலியாவில், பரமட்டாவில் ஒரு பொறியியல் கம்பனியில் வெள்ள வரைபடம் செய்வதுதான் என் கடைசி வேலை. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தான் ஆற்றுக்கு மாப் போடுகிறான் என்று வென்ட்வேர்த்வில் கடையில் நண்பர்கள் நக்கலடிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னை விட்டால் ஆளில்லை என்ற தடிப்பு அப்போது நிறைய இருந்தது. இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்காக, நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன்.

1. ஏழு ஆறு, இரண்டு கரை

கோசி, கங்கையின் பெரிய துணையாறுகளில் ஒன்று. சுன்கோசி, அருண், தமோர் உட்பட ஏழு ஆறுகள் நேபாள மலைகளில் ஒன்றாகிச் சமவெளிக்கு இறங்கி, பீகாரில் கங்கையில் விழுகின்றன. அள்ளி வரும் மண்ணைத் தன் படுக்கையிலேயே கொட்டி, தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளும் குழப்படிக்கார ஆறு. அதை அடக்க இரு பக்கமும் நீளக் கரை கட்டியிருக்கிறார்கள். ஒரு கரையில் நின்றால் மற்றது தெரியாது.

அந்த ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கை செய்யும் வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்தது. மலையில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே, எப்போது வரும் என்று எங்கள் கம்பியூட்டர் மொடல் கணக்கிடும். எந்த ஊர்களுக்கு ஃபோனில் எச்சரிக்கை போக வேண்டும் என்று லிஸ்ட் தரும். அதற்கு முதல் நாங்கள் ‘ரிவர் மாஸ்க்’ போட வேண்டும். ஆறு என்று நாங்கள் நீலம் பூசும் இடத்தில் மொடல் வீடு தேடாது.

நான் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நீலம் பூசினேன். அவுஸ்திரேலியாவில் நான் செய்த வேலைகளிலெல்லாம் கரைக்கு உள்ளே ஆறு, வெளியே சனம். மழைக்கால சாட்டலைட் படத்திலும் அந்த இடம் முழுக்கத் தண்ணீர்தான். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

2. பிளாட்டர் பழுதான நாள்

ஒரு வருடம் போனது. வரும் மழைக்கான லிஸ்ட் அன்று ஐந்து மணிக்கு, வேலை தந்த க்ளையன்டுக்குப் போக வேண்டும். மத்தியானம், பெரிய மாப் அடிக்கும் பிளாட்டர் நின்றுவிட்டது. திருத்த ஐ.டி. பிரிவிலிருந்து மனோஜ் வந்தான். பீகார்க்காரன், இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவன். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் வாய்த்தமிழில் எழுதுகிறேன்.

மெஷினிலிருந்து மாப் வெளியே வந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

“இது கோசியா, சிவா?”

“ஓம். உமக்குத் தெரியுமோ?”

நீலத்தின் நடுவே விரலை வைத்தான். “அம்மா இங்கதான் இருக்கிறா.”

“அது ஆறு, மனோஜ். கரைக்கு வெளியிலதான் இருக்கும், வடிவாப் பாரும்.”

“இல்ல, ரெண்டு கரைக்கும் நடுவில. கரை கட்டேக்க எங்கட ஊர் உள்ள அகப்பட்டிட்டுது. அப்பிடி நிறைய ஊர் இருக்கு. காணி அங்கதானே, எங்க போறது?”

எனக்கு முதலில் வந்தது கோபம். அவன் பிழை என்று காட்ட, மழையில்லாத காலத்துப் படத்தைத் திறந்தேன். தகரக் கூரைகள். சோள வயல்கள். பள்ளிக்கூடம் போல நீளமான ஒரு கட்டிடம். வீடுகளை எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டேன். 

“வெள்ளம் வந்தா என்ன செய்வினம்?”

“ஃபோனில மெசேஜ் வரும். மாட்டை அவிட்டுக்கொண்டு கரையில ஏறிடுவினம். போன வருசம் மட்டும் அம்மா மெசேஜைப் பாக்காம விட்டிட்டா. மூண்டு நாள் கூரையில இருந்தவ. ஃபோனைப் பாக்கத் தெரியாதோ எண்டு நல்லா ஏசிப்போட்டன்.”

போன வருடம்தான், பழைய எச்சரிக்கை முறைக்குப் பதிலாக, எங்கள் மொடல் முதல் தடவையாக ஓடியது. அப்போதும் இதே மாஸ்க்தான். அந்த அம்மாவுக்கு மெசேஜ் போகவே இல்லை. 

மனேஜர் கல்யாணியின் அறைக்கு ஓடி, லிஸ்டை நிறுத்தச் சொன்னேன். அவர் சென்னைக்காரர்.

“என்ன சார் சொல்றீங்க? அஞ்சு மணிக்கு க்ளையன்ட் வெயிட் பண்றாங்களே!”

“லிஸ்ட் அனுப்பேலாது, கல்யாணி. போன வருசம் குடுத்ததும் பிழை. கரைக்கு உள்ளயும் ஊர் இருக்கு, அதை ஆறு எண்டு நான்தான் கீறினனான்.”

அவர் கதிரையை விட்டு எழுந்தார். “உள்ள ஆளுங்க இருக்காங்களான்னு யாருமே கேக்கலையா?”

“நான் கேக்கேல்ல.”

 அவர் என் முன்னாலேயே க்ளையன்டுக்கு ஃபோன் செய்து, போன வருடப் பிழையையும் சேர்த்துச் சொன்னார். நாங்கள் மாஸ்க்கைத் திரும்ப வரைந்தோம். தண்ணீர் எந்நாளும் ஓடும் வாய்க்கால்களுக்கு மட்டும் நீலம். லிஸ்ட் பக்கம் பக்கமாக நீண்டது. மனோஜின் ஊரும் அதில் இருந்தது.

பிறகு அவன் மேசைக்குப் போனேன். “மனோஜ், போன வருசம் உங்கட ஊருக்கு மெசேஜே போகேல்ல. உங்கட ஊரில நீலம் பூசினது நான்.”

ஏசுவான் என்று நின்றேன். அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய் அம்மாவை அழைத்தான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அழுதான், திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னான்.

பிள்ளைகளே, ஓர் இடத்தில் ஆளில்லை என்று குறிக்குமுன் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடமாவது கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட பிழைக்கு, ஏசிய அவன்தான் தன் தாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றான்.