மௌசிலிருந்து கையை எடுங்கள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கம்ப்யூட்டர் கடை. கல்யாணப் பத்திரிகை அடிக்க யாராவது வந்தால், அவர்கள் எழுதிக் கொடுத்ததை அம்மா வகிதா உரக்கப் படிப்பார். என் அத்தா காதர், காதில் விழுந்ததை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார். யோசனை அம்மா துறை, விரல் அத்தா துறை. ஒருநாள் நடுவில் புகுந்து "மணமகன் கழுதை" என்று குரல் கொடுத்தேன். அதையும் அப்படியே டைப் அடித்துவிட்டார்.

பத்தாவதோடு நின்ற அம்மாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று சொல்லும் தமிழ்க் குறிப்பைத் திருத்துவார். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது, ஒரு டீகூடக் கிடையாது.

போன வாரம் திருப்புலிவனத்துச் சின்னராசு ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

"பாய், தொறந்தா சுத்திகினே கீது. எதனா பண்ணு. உள்ள கீற வீடியோ மட்டும் பத்திரம். ஆதிலட்சுமி கொரலு அதுலதான் கீது."

அவர் மனைவி ஆதிலட்சுமிக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. பேத்தி காதுகுத்தில் சமையல்காரரை அவர் திட்டிய வீடியோதான் மிச்சம்.

"செம திட்டா?" என்றேன்.

"எனக்கு வுட்டதுல பாதிகூட இல்ல நைனா."

அந்த இலவச சிஸ்டத்தையே இதில் ஏற்றிவிடலாம் என்றார் அம்மா. குறிப்பில் இருப்பதை இருக்கிறபடியே செய்து பார்த்தால்தான் குறை தெரியும் என்பது அவர் சட்டம். நகலெடுக்கச் சொல்லும் வரி வரும்போது நகலெடுக்கலாம் என்று இருந்தார். தாளைப் பிடித்துப் படித்தார்.

"'வட்டை அழித்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடர் பொத்தானை அழுத்துங்கள்.'"

டக்.

"'அதற்கு முன் உங்கள் கோப்புகளை நகலெடுத்து...'" அம்மாவின் குரல் நின்றது. "இன்னாங்க, அமுக்கிட்டீங்களா?"

"நீதானே சொன்ன?"

அம்மா பாய்ந்து வயரைப் பிடுங்கினார்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் சின்னராசு.

"அண்ணா, வீடியோ போயிருக்கலாம். தப்பு என்னுது. தேடிப் பாக்குறேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் காலி என்று காட்டியது. அழிந்ததைத் தேடும் புரோகிராமை அம்மா ஓடவிட்டார். கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. அத்தா இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டார். எனக்கே கிண்டல் வரவில்லை. வாங்கிவந்த டீயில் ஆடை கட்டியது.

சாயங்காலம் பழைய ஃபோல்டர் தலைகாட்டியது. முதல் வீடியோ திறக்கவில்லை. இரண்டாவதில் படம் ஓடியது, சத்தம் இல்லை. சின்னராசு எழுந்துவந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார். மூன்றாவது.

"யோவ், இது சாம்பாரா? மாடு கழுவுன தண்ணியா?"

"அவதான்" என்றார். பிறகு துண்டால் முகத்தை ஏனோ வெகுநேரம் துடைத்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒன்றும் இல்லை.

அம்மா வீடியோவை இரண்டு இடத்தில் நகலெடுத்து, இரண்டையும் ஓடவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகும் சிஸ்டத்தை ஏற்றவில்லை. முதலில் குறிப்பைத் திருத்தினார்:

"இங்கே நிறுத்துங்கள். மௌசிலிருந்து கையை எடுங்கள். வேண்டிய கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்தீர்களா? அங்கே திறந்து, ஓடவிட்டுப் பார்த்தீர்களா?"

அழுத்தச் சொல்லும் வரி அடுத்த பக்கத்துக்குப் போனது. திருத்தத்தை, குறிப்பைப் பராமரிக்கும் குழுவுக்கு அனுப்பிவிட்டு, புதுக் குறிப்பைப் படித்தே சிஸ்டத்தை ஏற்றினார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே குழுவிலிருந்து ஆல்பர்ட் என்பவரின் பதில் வந்தது: "கையை எடுக்கச் சொல்வது தேவையா? முழுதும் படித்துவிட்டுத்தானே அழுத்துவார்கள்?"

"இன்னாவாம்?" என்றார் சின்னராசு. அம்மா படித்துக் காட்டினார்.

"அந்த வீடியோவ அவனுக்கு அனுப்பும்மா. ஆதிலட்சுமியே பதில் சொல்லுவா."

அன்றைக்கு முதல்முறையாக அம்மா சிரித்தார். வீடியோவை அனுப்பவில்லை. "எங்கள் கடையில் ஒருவர் படிப்பார், இன்னொருவர் அழுத்துவார். இந்த வரி இருக்கட்டும்" என்று எழுதினார். இருக்கிறது.