மந்திரியம்மா

"மாண்புமிகு உறுப்பினர் அவசரப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்கிறார் மந்திரியம்மா. எதிரே, குறிப்புத் தாளும் கையுமாக நிற்கிற எதிர்க்கட்சித் தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நாளைக் காலை சபையில் ஆளுங்கட்சியைத் திணறடிக்க வேண்டியவர், இன்று மாலை தன் தட்டச்சரிடம் திணறிக்கொண்டிருக்கிறார்.

மந்திரியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. தலைவர் முதன்முதலாகச் சபைக்கு வந்த நாளிலிருந்து, இருபத்து நான்கு வருடங்களாக அவருக்குத் தட்டச்சு செய்கிறார். கணினிக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டிருக்கிறார். தட்டச்சராக இருக்கும்போது அதில்தான் உட்காருவார். பீரோவை ஒட்டி ஒரு கை உடைந்த நாற்காலி கிடக்கிறது. அது அமைச்சரின் நாற்காலி. விவாதத்துக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு அவர் அதற்கு மாறி உட்கார்ந்தால் ஆட்சி அமைந்துவிட்டது என்று பொருள். தலைவர் நின்றுகொண்டு கேட்க வேண்டும். அவர் உட்கார்ந்துகொண்டு மழுப்புவார்.

"உலகத்துல மொத்தமே நாலு பதில்தான் தலைவரே. போன ஆட்சி பண்ணது, குழு போட்டிருக்கோம், பரிசீலனையில இருக்கு, உங்களுக்குப் புரியல. இந்த நாலையும் மாத்தி மாத்தி அடிச்சா அஞ்சு வருஷம் ஓடிடும்."

தன் பதில் தனக்கே பிடித்துப்போனால் சபையில் செய்வதுபோல மேசையைத் தட்டிக்கொள்வார். தலைவருக்கு அதில் ஒரு குறை.

"ஒரு தடவ எனக்கும் தட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"நான் ஆளுங்கட்சி. கட்சி தாவச் சொல்றீங்களா?"

இந்த விளையாட்டு ஒரு மாடிப்படித் திருப்பத்தில் தொடங்கியது. அன்று தலைவர் புது உறுப்பினர். மறுநாள் கன்னிப்பேச்சு. தட்டச்சு செய்து வாங்கிய தாளை அங்கேயே நின்று படித்துக் காட்டினார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த மந்திரியம்மா, "அதெல்லாம் போன ஆட்சியிலயே நடந்ததுங்க" என்று பட்டென்று சொல்லிவைத்தார். புது உறுப்பினர் ஆடிப்போனார். மறுநாள் அமைச்சர் எழுந்து அதையே, அதே அலட்சியத்தோடு சொன்னார். ஆனால் அதற்குள் புது உறுப்பினரிடம் மறுகேள்வி தயாராக இருந்தது. சாயங்காலம் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்து நின்று, "நாளைக்கும் கொஞ்சம் மந்திரியா இருங்கம்மா" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது மந்திரியம்மாவின் முகம் இளகிவிடும். படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. ஒரு பக்கம் மட்டும் திரும்பும் மேசை விசிறி. கார்பன் தாள் பட்டு விரலெல்லாம் நீலம். இவர் மழுப்ப, அவர் கத்த, சண்டையென்று நினைத்துக் காவலர் எட்டிப் பார்க்க, மூவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கட்டிய மாலைகள்.

அப்புறம் ஆட்சிக்கு வந்தார்கள். தலைவர் பொதுப்பணி அமைச்சரானார். பெரிய அறை, தரைவிரிப்பு, மூன்று தொலைபேசிகள். கேள்விகளுக்கான பதில்கள் துறையிலிருந்தே எழுதப்பட்டு வந்தன. மந்திரியம்மா அவற்றை அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தார். விளையாட்டு நின்றுபோனது. நிஜ மந்திரி வந்துவிட்டாரே, இனி எதற்கு என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். "அந்த அஞ்சு வருஷமும் நல்ல ஏசி. ஆனா சிரிச்சதா ஞாபகம் இல்ல" என்பார்.

சென்ற மாதம் ஆற்றுப்பாலம் இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பாலம் உறுதியாக இருக்கிறதென்று போன வருடம்தான் இப்போதைய அமைச்சர் சபையில் சொல்லியிருந்தார். அவரைக் கூண்டில் ஏற்றத் தலைவர் தயாரானார். பழைய விவரம் ஏதாவது அகப்படுமா என்று மந்திரியம்மா நூலகத்தில் சபைக் குறிப்புத் தொகுதிகளைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. அந்தத் தொகுதியை வாங்கி வந்து ஒரு முழு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தார். பேசாமல் கொண்டுபோய் அடுக்கில் செருகிவிடலாமா? யார் கேட்கப் போகிறார்கள்? மறுநாள் மாலை நான்கு மணி வரை அவருக்கே முடிவு தெரியவில்லை.

நான்கு மணிக்கு நாற்காலி மாறினார். தலைவர் எழுந்து நின்று சீறினார். மந்திரியம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தொகுதியைப் பிரித்துப் படித்தார்.

"பாலம் உறுதியாக உள்ளது. மக்கள் அச்சப்படத் தேவையில்லை. வல்லுநர் குழுவின் அறிக்கை கிடைத்ததும் ஆவன செய்யப்படும்."

தலைவர் கைகொட்டிச் சிரித்தார். "போன வருஷம் அந்த ஆளு சொன்னது. ஒரு வார்த்தை மாறல பாருங்க!"

"இது போன வருஷத்துது இல்ல தலைவரே. பதினோரு வருஷத்துக்கு முந்தினது. நம்ம பதில்."

தலைவர் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் டைப் பண்ணது?"

"வேற யாரு? துறையிலேர்ந்து வந்ததுல ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைக்கூடச் சரி பண்ணேன். குழு எப்போ பாலத்தப் பாத்துச்சுன்னு மட்டும் கேக்கல. அன்னைக்கு நான் எதிர்க்கட்சியா நின்னிருக்கணும்."

"இது அவங்ககிட்ட இருக்கா?"

"நூலகத்துல இருந்ததே இந்த ஒண்ணுதான்."

"அப்போ..." என்று இழுத்தார் தலைவர். அந்த 'அப்போ'வுக்குப் பின்னால் அவருடைய கட்சி இருந்தது, அடுத்த தேர்தல் இருந்தது. மந்திரியம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணாடியையும் ஏற்றிக்கொள்ளவில்லை.

"மாண்புமிகு உறுப்பினர் உக்காந்துட்டீங்க. கேள்வி கேக்குறவங்க நின்னுதான் கேக்கணும்."

தலைவர் நிற்கவில்லை. தொகுதியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். படிக்கக் கொண்டுபோனாரா, பதுக்கக் கொண்டுபோனாரா? மந்திரியம்மாவுக்கு இரவெல்லாம் அதுதான் கேள்வி.

மறுநாள் அறையில் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் சபை ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் தேநீரோடு கடைநிலை ஊழியர் பெரியவர் வந்து நின்றார். நிஜ அமைச்சர் வாய் திறப்பதற்குள் மந்திரியம்மா பதிலைச் சொல்லிவிடுவதைக் கேட்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. மந்திரியம்மா அன்று முக்காலிக்குப் போகாமல், கை உடைந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன சொல்லுவாரு?"

"குழு."

"குழு அமைக்கப்பட்டுள்ளது" என்றார் அமைச்சர். பெரியவர் இளித்தார்.

தலைவரின் குரல் எழுந்தது. "ஒரு பழைய பதிலைப் படிக்க அனுமதி வேண்டும்." தடித்த புத்தகம் பிரியும் ஓசை. மந்திரியம்மா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பாலம் உறுதியாக உள்ளது என்று தொடங்கி மூன்று வரியையும் படித்தார் தலைவர். ஆளுங்கட்சி வரிசையில் ஒரே சிரிப்பு.

"சிரிக்க வேண்டாம். இது நான் சொன்னது. நீங்கள் இருக்கிற இடத்தில் நின்று, அமைச்சராகச் சொன்னது. அந்தக் குழு பாலத்தை எட்டிப் பார்த்ததா என்று நான் கேட்கவில்லை. என் அறையிலும் யாரும் கேட்கவில்லை. செத்துப்போன இரண்டு பேருக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன். இப்போது அமைச்சரைக் கேட்கிறேன். உங்கள் குழு எந்தத் தேதியில் பாலத்துக்குப் போனது?"

சிரிப்பு நின்றது. தலைவரின் கட்சிக்காரர்கள் ஒருவர்கூட மேசையைத் தட்டவில்லை. அந்தப் பக்கமும் அரவமில்லை. ஒலிபெருக்கி செத்துவிட்டதோ என்று பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, மந்திரி என்ன சொல்லுவாரு?"

மந்திரியம்மா அமைச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தேநீர்க் குவளை குதிக்க, உள்ளங்கையால் மேசையைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.